கதவில் ஒட்டிய சீட்டு

வருகிற செப்டம்பர் பத்தாம் தேதியிலிருந்து ஐம்பது நாள் என் வீட்டுத் திண்ணை அறை பூட்டியிருக்கும். நானும் என் மனைவியும் பிரான்சில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகிறோம். வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போவதற்கு ஒரு கட்டுரையா என்று சிலர் நினைக்கலாம். ஆனால் வீட்டிலேயே உட்கார்ந்து நாலு பேருக்கு வேலை செய்து கொடுப்பவன் லீவு போடுவது என்பது அவ்வளவு லேசான காரியம் அல்ல. அதற்குப் பின்னால் ஒரு சரித்திரமே இருக்கிறது. அதைத் தேடிப் போக எனக்கு ஒரு காரணமும் இருந்தது. அந்தக் காரணம் எனக்குப் பெருமை தருவது அல்ல. இருந்தாலும் அதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

முப்பத்தாறு வருஷம் அரசு குமாஸ்தாவாக இருந்தேன். சர்க்கார் உத்தியோகத்தில் லீவு என்பது ஒரு தாள். கேஷுவல் லீவு, ஈட்டிய விடுப்பு, மருத்துவ விடுப்பு என்று அதற்குத் தனித்தனியாகக் கணக்கு. எங்கள் அலுவலகத்தில் எல்.டி.சி. என்றால் இரண்டு பொருள். கீழ்நிலை எழுத்தரும் எல்.டி.சி., குடும்பத்தோடு ஊர் சுற்றிவர அரசு கொடுக்கும் பயணச் சலுகையும் எல்.டி.சி. "எல்.டி.சி. ஒருவர் எல்.டி.சி. கேட்டிருக்கிறார்" என்று குறிப்பு எழுதி வைத்தால் சூப்பரிண்டெண்டெண்ட் சிரிக்காமல் கையெழுத்துப் போடுவார். பீரோ சாவியையும் நிலுவைக் கோப்புகளின் பட்டியலையும் பக்கத்து நாற்காலிக்காரரிடம் கொடுத்து "சார்ஜ் ஒப்படைத்தேன்" என்று எழுதினால் தீர்ந்தது. நான் ராமேஸ்வரத்தில் தீர்த்தமாடிக்கொண்டிருக்கும்போதும் அலுவலகம் நடக்கும். சம்பளமும் வரும்.

2010இல் ஓய்வு பெற்றேன். சின்ன வயதில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால் அக்கம்பக்கத்தில் ஒவ்வொருவராக வரத் தொடங்கினார்கள். புதுச்சேரிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்த சொல்தாக்கள், அவர்களுடைய விதவைகள், பிரான்சில் வேலை பார்த்துத் திரும்பியவர்கள் என்று எத்தனையோ பேருக்கு அங்கிருந்து பென்ஷன் வருகிறது. கூடவே கடிதங்களும் வருகின்றன. படித்துச் சொல்ல வேண்டும், படிவம் நிரப்ப வேண்டும், பதில் எழுத வேண்டும், பிறப்புப் பதிவை மொழிபெயர்க்க வேண்டும். திண்ணையை அடைத்து ஓர் அறையாக்கி, மேசை ஒன்றும் நாற்காலி மூன்றும் போட்டேன். கொடுப்பதை வாங்கிக்கொள்வேன். இல்லாதவர்களிடம் கேட்பதில்லை.

இந்தக் காகிதங்களில் முக்கியமானது உயிர்ச் சான்று. ஆள் உயிரோடு இருக்கிறார் என்று கையெழுத்தும் முத்திரையும் வாங்கி, கேட்ட தேதிக்குள் அனுப்ப வேண்டும். தவறினால் பென்ஷன் நின்றுவிடும்.

2012 ஜூலையில் முதல் முறையாக மகள் வீட்டுக்குப் போனோம். இரண்டு மாதம். போகும்போது கதவில் ஒரு அட்டை மாட்டினேன்: "ஊரில் இல்லை. செப்டம்பர் 5 வருவேன்." என் வரையில் மிகவும் ஒழுங்காகச் செய்துவிட்டதாக நினைப்பு.

குருசுக்குப்பத்தில் ஒரு அம்மா. அப்போதே எண்பது தாண்டியவர். கணவர் இந்தோசீனாவில் சொல்தாவாக இருந்து திரும்பியவர். நான் போன இரண்டாவது வாரம் அந்த அம்மாவுக்கு உயிர்ச் சான்று கேட்டுக் கடிதம் வந்திருக்கிறது. எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்திருக்கிறார். அட்டையை யாரோ படித்துச் சொல்லியிருக்கிறார்கள். திரும்பிப் போய்க் கடிதத்தைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகிவைத்துவிட்டார். செப்டம்பர் ஆறாம் தேதி காலையில் என் திண்ணையில் வந்து உட்கார்ந்தார். கெடு தாண்டிப் பதினெட்டு நாள் ஆகியிருந்தது. பென்ஷன் நின்றது. எழுதி, மறுபடி எழுதி, அது திரும்ப வர மூன்று மாதம் பிடித்தது. பாக்கியோடு சேர்த்து வந்தது, உண்மைதான். அதற்குள் காதில் இருந்த கம்மல் அடகுக் கடைக்குப் போய்விட்டது.

"வேற யார்கிட்டயாவது போயிருக்கலாமேம்மா" என்றேன்.

"நீ வருவேன்னு எழுதிப் போட்டிருந்தியே தம்பி. அதான் காத்திருந்தேன்" என்றார்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். என் அட்டையில் எழுதியிருந்த ஒவ்வொரு சொல்லும் உண்மை. அந்த உண்மையை நம்பித்தான் அந்த அம்மா காத்திருந்து கெட்டார். அடுத்த தெருவில் இதே வேலையைச் செய்யும் ஒரு ஓய்வு பெற்ற ஆசிரியர் இருக்கிறார். அவர் பெயரை அட்டையில் எழுத எனக்குத் தோன்றவில்லை. தோன்றவில்லை என்பதும் சரியல்ல. மனம் வரவில்லை.

இதில் ஒரு வேடிக்கை. அதே ஆகஸ்டில், பாரிஸில், அப்படி எழுதிய சீட்டைத் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். மகள் வீட்டுத் தெருமுனையில் ஒரு ரொட்டிக் கடை. கீழே கடையும் அடுப்பும், மேலே குடியிருப்பு. புருஷன் அடுப்படியில், பெண்சாதி கல்லாவில். ஆகஸ்ட் முதல் தேதி காலை பாகெத் வாங்கப் போனால் இரும்புக் கதவு இறங்கியிருந்தது. அதில் ஒரு சீட்டு. ஆண்டு விடுமுறை, இன்ன தேதியிலிருந்து இன்ன தேதி வரை. அதற்குக் கீழே, இந்த நாட்களில் திறந்திருக்கும் பக்கத்து ரொட்டிக் கடைகளின் விலாசம். அதாவது போட்டிக் கடைகள்! தன் வாடிக்கைக்காரனைத் தானே எதிரி கடைக்கு அனுப்புகிறானே, எவ்வளவு பெருந்தன்மை என்று வியந்தேன். பெருந்தன்மை இல்லை, சட்டம் என்று மருமகன் சொன்னார். ஊருக்கு வந்து அந்த அம்மாவின் விஷயம் நடந்த பிறகுதான் அந்தச் சட்டத்தின் வேரைத் தேடிப் படித்தேன்.

பாரிஸ்காரனுக்கு ரொட்டி என்பது நமக்குச் சோறு போல. 1789 அக்டோபர் 5ஆம் தேதி பாரிஸ் பெண்கள் வெர்சாய் அரண்மனைக்கு நடந்து போய் அரசனை நகரத்துக்கு அழைத்து வந்தார்களே, அது ரொட்டிக்காகத்தான். பள்ளிக்கூடத்தில் அந்தப் பாடத்தை நாங்கள் நெட்டுருப் போட்டவர்கள். பாடத்தில் சொல்லாத ஒன்று அடுத்த இரண்டு வாரத்தில் நடந்தது. அக்டோபர் 21ஆம் தேதி, நோத்ர்தாம் கோயிலுக்குப் பக்கத்தில் கடை வைத்திருந்த பிரான்சுவா என்ற ரொட்டிக்காரரைப் பதுக்கல்காரன் என்று சந்தேகப்பட்டு இழுத்துப் போய்க் கூட்டம் தூக்கில் தொங்கவிட்டது. ரொட்டிக்காரன் கடையைச் சாத்தினால் அது அவன் சொந்த விஷயம் இல்லை என்று ஆட்சிக்கு வந்தவர்கள் எல்லோருக்கும் புரிந்தது.

1790 ஆகஸ்டில் வந்த சட்டம், உணவுப் பொருள் விற்பனையைக் கண்காணிக்கும் பொறுப்பை நகராட்சிகளிடம் கொடுத்தது. 1801 அக்டோபரில், நெப்போலியன் முதல் கான்சலாக இருந்தபோது, பாரிஸ் ரொட்டிக்காரர்களுக்கு என்றே தனி ஆணை வந்தது. போலீஸ் தலைவரின் அனுமதி இல்லாமல் கடை வைக்கக் கூடாது. மாவு மூட்டைகளை இருப்பு வைக்க வேண்டும். அனுமதி இல்லாமல் அடுப்பில் போடும் ஈடுகளின் எண்ணிக்கையைக்கூடக் குறைக்கக் கூடாது. தொழிலை விடுவதானால் ஆறு மாதம் முன்னால் எழுதித் தெரிவிக்க வேண்டும். சர்க்கார் ஊழியன் ராஜினாமா செய்யக்கூட இத்தனை நாள் முன்னறிவிப்பு நான் கேட்டதில்லை. கடை அவன் சொந்தக் கடை, மாவு அவன் காசு, ஆனால் அடுப்பு அணைக்கும் உரிமை மட்டும் அவனுக்கு இல்லை.

கடைகளின் எண்ணிக்கைக்கும் ஒரு வரம்பு இருந்தது. நகரத்துக்குச் சுமார் 600 கடை. 1863இல் அந்த வரம்பு எடுக்கப்பட்டது. யார் வேண்டுமானாலும் ரொட்டிக் கடை வைக்கலாம் என்றாகியது. பிறகு தொழிலாளர்களுக்கான சட்டங்கள் ஒவ்வொன்றாக வந்தன. 1906இல் வாராந்தர ஓய்வு. 1919இல் ரொட்டிக் கடைகளில் இரவு பத்து மணியிலிருந்து காலை நாலு மணி வரை வேலை கூடாது என்ற சட்டம். 1936 ஜூன் 20ஆம் தேதி, லியோன் ப்ளும் பிரதமராக இருந்தபோது, சம்பளத்தோடு வருஷத்துக்குப் பதினைந்து நாள் விடுமுறை. அந்தக் கோடையில் நாற்பது சதவீதம் கட்டணக் குறைப்போடு ரயில் டிக்கெட் கொடுத்தார்கள். சுமார் ஆறு லட்சம் பேர் அந்த டிக்கெட்டில் ஊருக்கும் கடற்கரைக்கும் போனார்கள். முதல் முறையாகக் கடலைப் பார்த்தவர்கள் அவர்களில் பலர். பதினைந்து நாள் பின்னால் 1956இல் மூன்று வாரமாகவும், 1969இல் நாலு வாரமாகவும், 1982இல் ஐந்து வாரமாகவும் வளர்ந்தது.

கவனியுங்கள், இந்தச் சட்டம் எல்லாம் கூலிக்கு வேலை செய்பவனுக்கு. கடையில் ரொட்டி எடுத்துக் கொடுக்கும் பெண்ணுக்குச் சம்பள லீவு உண்டு. கடைக்காரனுக்கு லீவு கொடுக்க யாரும் இல்லை. அவன் தானே எடுத்துக்கொண்டால் உண்டு. பாரிஸே ஆகஸ்டில் காலியாகிற ஊராக மாறியபோது அவனும் எடுத்துக்கொள்ளத் தொடங்கினான். எல்லோரும் ஆகஸ்டிலேயே எடுத்தால் நகரத்தில் மிச்சமிருக்கும் கிழவன் கிழவிகளுக்கு யார் ரொட்டி சுடுவது? பழைய சட்டத்தின் வழியில் அதற்கும் ஒரு ஏற்பாடு வந்தது. ரொட்டிக்காரர்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதி ஜூலையில் மூடலாம், மறு பாதி ஆகஸ்டில். அடுத்த வருஷம் மாற்றிக்கொள்ளலாம். மூடுகிறவன் திறந்திருப்பவன் விலாசத்தைக் கதவில் ஒட்ட வேண்டும். மீறினால் அபராதம். நான் பார்த்த சீட்டு அதுதான்.

2014 டிசம்பரில் வணிகர்களுக்கான விதிகளை எளிமையாக்குகிறோம் என்று இந்த ஏற்பாட்டை எடுத்துவிட்டார்கள். 2015 கோடையிலிருந்து பாரிஸ் ரொட்டிக்காரர் தன் இஷ்டப்படி லீவு போடலாம். ஆகஸ்டில் ரொட்டி கிடைக்குமா என்று பத்திரிகைகள் கவலைப்பட்டன. பட்டினியால் யாரும் சாகவில்லை. சட்டம் போனபிறகும் பல கடைகளில் அந்தச் சீட்டை ஒட்டத்தான் செய்கிறார்கள் என்று மகள் சொல்கிறாள். நான் விதிகளோடு வாழ்ந்தவன். அதனால் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

1936 என்றதும் நம் ஊர்க்காரர்களுக்கு வேறொன்று ஞாபகம் வந்திருக்கும். பாரிஸில் சம்பள விடுமுறைச் சட்டம் வந்த அந்த ஜூன் 20க்கும், புதுச்சேரியில் மில் தொழிலாளர்கள் மேல் துப்பாக்கிச் சூடு நடந்த ஜூலை 30க்கும் நடுவில் சரியாக நாற்பது நாள். ஒரே குடியரசு, ஒரே கொடி. அங்கே தொழிலாளி மனைவி மக்களோடு கடற்கரைக்கு ரயில் ஏறிக்கொண்டிருந்தான். இங்கே எட்டு மணி நேர வேலை கேட்டவர்களில் பன்னிரண்டு பேர் செத்தார்கள். வ. சுப்பையாவும் மற்றவர்களும் நடத்திய போராட்டத்துக்குப் பிறகு 1937 ஏப்ரலில் எட்டு மணி நேர வேலைக்கான ஆணை வந்தது. வருஷா வருஷம் ஜூலை 30 அன்று மாலை போடுகிறோம். போட வேண்டியதுதான்.

மில் தொழிலாளிக்கு அப்படி ரத்தம் சிந்தி ஒரு கணக்கு பிறந்தது. சைகோனில் பிரெஞ்சு சர்க்கார் வேலை பார்த்த நம் ஊர்க்காரர்களுக்குச் சில வருஷத்துக்கு ஒருமுறை நீண்ட லீவு உண்டு. கப்பலில் வந்து இறங்குவார்கள். பெட்டி பெட்டியாகச் சாமான் இறங்குவதைப் பார்க்கத் துறைமுகப் பாலத்தில் கூட்டம் நிற்கும் என்று என் தாத்தா சொல்லுவார். ஆனால் மில் வாசலுக்கு எதிரே வீட்டில் இட்லி சுட்டு விற்றவருக்கு? வீட்டுத் திண்ணையில் தையல் மிஷின் போட்டுத் தைத்தவருக்கு? பிரசவம் பார்த்த ஆயாவுக்கு? சைகோன்காரர் கப்பலில் வந்து இறங்கியதும் கோட்டு தைக்கச் சொன்னால் தையல்காரர் ராத்திரி கண் விழிப்பார். அவர் ஊருக்குப் போக வேண்டுமானால் என்ன செய்தார்? எந்தச் சட்டப் புத்தகத்திலும் இதற்குப் பதில் இல்லை.

சட்டப் புத்தகத்தில் இல்லாதது கல்லில் இருக்கிறது. தஞ்சாவூர்ப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் நீளமான ஒன்று, ராஜராஜ சோழனின் 29ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது, அதாவது 1014. கோயிலுக்கென்று நானூறு தளிச்சேரிப் பெண்களை ஊர் ஊராகத் தேர்ந்தெடுத்துக் கொண்டு வந்து, வீடு கொடுத்து, ஆளுக்கு ஒரு பங்கு, பங்குக்கு வருஷம் நூறு கலம் நெல் என்று எழுதிவைத்த கல்வெட்டு. நானூறு பேருக்கும் எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு என்பது வரை குறித்திருக்கிறது. எல்லோரும் அந்த நானூறு பெண்களைப் பற்றித்தான் பேசுவார்கள். அதே கல்வெட்டில் பாடுகிறவர், கொட்டுகிறவர், கணக்கர் மட்டுமல்ல, தையல்காரர், வண்ணார், நாவிதர், தச்சர், கன்னார் எல்லோருக்கும் பங்கு இருக்கிறது. குமாஸ்தாவாக இருந்தவன் கண்ணுக்கு அதில் பட்டது வேறு ஒரு விதி. பங்கு பெற்றவர் இறந்துபோனாலோ வேறு ஊருக்குப் போய்விட்டாலோ, அவருடைய நெருங்கிய உறவினர் அந்த வேலையைச் செய்து அந்த நெல்லைப் பெறலாம். உறவினருக்கு வேலை தெரியாவிட்டால், தெரிந்த ஒருவரை அவர் அமர்த்த வேண்டும். உறவினரே இல்லாவிட்டால், அந்த வேலையில் உள்ள மற்றவர்கள் கூடித் தகுதியான ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இதை முதலில் படித்தபோது எழுந்து நின்றுவிட்டேன். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் எழுதிய சார்ஜ் ஒப்படைப்பு விதி அல்லவா இது! ஆள் போகலாம், வேலை நிற்கக் கூடாது. அதோடு, உறவுக்காரன் என்பதற்காக வேலை தெரியாதவனை உட்காரவைக்கக் கூடாது. எங்கள் காலத்தில் சில அலுவலகங்களில் இந்தக் கடைசி வரியைச் சுவரில் எழுதியிருக்கலாம்.

ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். இது லீவு விதி இல்லை. இரண்டு மாதம் மகள் வீட்டுக்குப் போய்த் திரும்பி வருகிறவருக்கு அதில் இடம் இல்லை. போனவர் போனவர்தான். நெல்லும் கூடவே போய்விடும். கோயில் பூசை முறை வேறு மாதிரி. வருஷத்தில் இத்தனை நாள் இந்தக் குடும்பம், அடுத்த இத்தனை நாள் அந்தக் குடும்பம் என்று நாட்களைப் பங்கிட்டுக்கொள்வார்கள். தன் முறை இல்லாத நாளில் ஊருக்குப் போகலாம், வரலாம். "விடுமுறை" என்ற சொல்லைப் பாருங்கள். முறையை விடுவது என்று அதற்குப் பொருள் கொண்டால் எவ்வளவு பொருத்தமாக இருக்கிறது. நான் மொழி ஆராய்ச்சியாளன் இல்லை. தமிழ்ப் புலவர்கள் யாராவது தப்பு என்றால் ஏற்றுக்கொள்கிறேன். பிரெஞ்சில் லீவுக்குச் சொல்லும் "கொன்ழே" லத்தீனில் போய்வர அனுமதி என்ற பொருளில் இருந்து வந்தது. அந்தச் சொல்லில் மேலே ஒரு அதிகாரி உட்கார்ந்திருக்கிறார். நம் சொல்லில் பக்கத்தில் இன்னொருவர் நிற்கிறார், நாம் விட்ட முறையை எடுத்துக்கொள்ள.

நம் பக்கத்தில் இன்னொரு வழியும் உண்டு. எல்லோரும் ஒரே நாளில் மூடிவிடுவது. அமாவாசை அன்று கொத்தனார் கரண்டியைத் தொட மாட்டார். தச்சரும் அப்படித்தான். செவ்வாய்க்கிழமை முடிதிருத்தும் கடை கிடையாது. சாஸ்திரம் என்பார்கள். இருக்கட்டும். ஆனால் அதன் பலனைப் பாருங்கள். தான் ஓய்வெடுக்கும் நாளில் போட்டிக்காரன் வாடிக்கையைக் கொண்டுபோய்விடுவானோ என்ற பயம் இல்லை. நாள் எது என்று குழந்தைக்கும் தெரியும், அதனால் கதவில் அட்டை வேண்டாம். தலைமுடி ஒரு நாள் காத்திருக்கும். சுவரும் காத்திருக்கும். காத்திருக்கக் கூடிய வேலைக்கு இது அருமையான ஏற்பாடு. ரொட்டி காத்திருக்காது. உயிர்ச் சான்றும் காத்திருக்காது.

2012க்குப் பிறகு நான் எங்கும் போகவில்லை. முட்டி வலி, வெயில், கோவிட் என்று ஒவ்வொரு வருஷமும் ஒரு காரணம் சொன்னேன். மகளுக்கு இரண்டாவது குழந்தை பிறந்தபோது என் மனைவி மட்டும் தனியாகப் போய்வந்தாள். அந்தப் பேரன் இப்போது பள்ளிக்கூடம் போகிறான். அவனை நான் கண்ணாடித் திரையில்தான் பார்த்திருக்கிறேன். இந்த வருஷம் பொங்கல் கழிந்ததும் அவள் சொன்னாள், "உங்க பேப்பருக்கு மட்டும்தான் உயிர்ச் சான்று தரணுமா? எனக்கு எப்ப தரப்போறீங்க?" அன்றைக்கே டிக்கெட் போடச் சொல்லி மகளுக்குப் போன் செய்தேன்.

மூன்று மாதம் முன்னால் ஒரு நோட்டு எடுத்தேன். என்னிடம் வழக்கமாக வருபவர்கள் நாற்பத்தோரு பேர். ஒவ்வொருவருக்கும் எந்த மாதம் என்ன காகிதம் வரும் என்று பழைய நகல்களைப் பார்த்து எழுதினேன். வரி சம்பந்தப்பட்டது, மொழிபெயர்ப்பு, விலாச மாற்றம் எல்லாவற்றையும் முன்கூட்டியே முடித்துவிடலாம், முடித்தும்விட்டேன். உயிர்ச் சான்றை மட்டும் முன்கூட்டிச் செய்ய முடியாது. அக்டோபரில் உயிரோடு இருப்பார் என்று ஆகஸ்டில் யார் எழுதிக் கொடுப்பது? செப்டம்பரிலும் அக்டோபரிலும் கெடு வருகிறவர்கள் பதினோரு பேர். அந்தப் பதினோரு பேரின் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு வாரம் யோசித்தேன். பட்டியலை எடுத்துக்கொண்டு போக வேண்டிய வீடு எது என்று முதல் நாளே தெரியும். யோசித்தது எல்லாம் அங்கே எப்படிப் போவது என்பதைப் பற்றித்தான்.

அடுத்த தெரு ஆசிரியருக்கும் எனக்கும் பத்து வருஷத்துக்கு மேல் பேச்சு இல்லை. ஒரு டீக்கடையில் என் பிரெஞ்சை "கிளார்க் பிரெஞ்சு" என்று அவர் சொன்னதாக எனக்குக் காதில் விழுந்தது. அது உண்மைதான், அதனால்தான் கோபம். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போய் அவர் வாசலில் நின்றேன்.

"வாங்க முசியே, வழி தப்பிட்டீங்களா?" என்றார்.

விஷயத்தைச் சொன்னேன். குருசுக்குப்பத்து அம்மாவின் கதையையும் மறைக்காமல் சொன்னேன். பட்டியலை வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பதினோரு வரியையும் படித்தார்.

"இவங்க என்கிட்ட வந்துட்டு, அப்புறம் உங்ககிட்ட திரும்பி வரலைன்னா?"

"வரலைன்னா உங்க ஆளுங்கதான்."

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. உள்ளே திரும்பி, "ரெண்டு காப்பி" என்றார். பிறகு, "ஜனவரியில காரைக்கால்ல மகன் வீட்டுக்குப் போலாம்னு நாலு வருஷமா பாக்கறேன். என்கிட்ட ஜனவரிக்கு ஒன்பது பேர் இருக்காங்க" என்றார்.

பாரிஸ் ரொட்டிக்காரர்களின் ஜூலை, ஆகஸ்ட் ஏற்பாட்டை அவருக்கு விவரமாகச் சொன்னேன். அவருக்கு அது முன்பே தெரிந்திருந்தது. 1790 சட்டம் ஆகஸ்ட் 16இலிருந்து 24 வரையிலான தேதியிட்டது என்று எனக்கே திருத்தம் சொன்னார்.

நேற்று பதினோரு பேரில் கடைசியாக நெல்லித்தோப்புப் பெரியவரை அழைத்துக்கொண்டு போய் அவருக்கு அறிமுகம் செய்துவைத்தேன். திரும்பி வந்து கதவில் ஒட்டச் சீட்டு எழுதினேன், தமிழில் பெரிய எழுத்தில், அதன் கீழே பிரெஞ்சில். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, அதுவரை யாரிடம் போக வேண்டும், அவர் வீட்டு அடையாளம், திறந்திருக்கும் நேரம். சாயங்காலம் அவரே வந்தார். கதவருகில் நின்று முழுவதும் படித்தார். பிரெஞ்சு வாசகத்தில் ஒரு எழுத்துக்கு மேலே போட வேண்டிய கோட்டை நான் விட்டுவிட்டிருந்தேன். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து அதைப் போட்டுவிட்டுப் போனார்.